வேலைக்காகப் போட்ட படிகள்: லீசெ ஃபியோர்டின் வரலாறும் நடைவழிகளும்

நார்வேயின் தென்மேற்குக் கரையில், ஸ்டவாங்கர் நகருக்குக் கிழக்கே, மலைகளுக்கு நடுவே கடல்நீர் நீளமாகப் புகுந்து கிடக்கும் லீசெ ஃபியோர்டு வெளியே திறக்கும் இடத்தில் தண்ணீரின் ஆழம் 13 மீட்டர்தான். அங்கிருந்து உள்ளே போய் ப்ரைகெஸ்டூலன் பாறைக்கு நேர் கீழே அளந்தால் 400 மீட்டருக்கு மேல் போகிறது. ஆறு அறுத்த பள்ளத்தாக்கு இப்படி அமைய வழியே இல்லை. ஆற்றின் படுகை கடலை நோக்கிப் போகப் போக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இதைக் குடைந்தது பனியாறு. குறுகலான பள்ளத்தில் நெருக்குண்டு நகர்ந்தபோது, அடியில் இருந்த கருங்கல்லை அது அரைத்துத் தள்ளியது. முகத்துவாரத்தில் பள்ளம் அகலமானதும் பனி பரவி மெலிந்தது, அரைக்கும் வலு குறைந்தது, சுமந்து வந்த கல்லையும் மணலையும் அங்கேயே இறக்கிப் போட்டது. அந்தக் குவியல் ஒரு வாசற்படிபோல இன்றும் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. உள்ளே சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு, இரு பக்கமும் செங்குத்துச் சுவர்களோடு, ஃபியோர்டு நீண்டு கிடக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு அறிவியல் வரலாற்றில் பலரும் அறியாத ஓர் இடம் உண்டு. ஃபியோர்டின் வாயிலுள்ள ஃபோர்சாண்ட் ஊர்ப் பக்கம், ஹௌகாலி ஏரியின் முனையில் வாஸ்ரீகன் என்றொரு கல்மண் மேடு குறுக்கே கிடக்கிறது. 1823-ல் இந்தப் பக்கம் வந்த புவியியல் பேராசிரியர் யென்ஸ் எஸ்மார்க், இந்த மேடும் அதற்கு வெளியே விரியும் மணல்வெளியும் உயிரோடு இருக்கும் பனியாறுகளின் முனையில் தெரியும் அமைப்பைப் போலவே இருப்பதைக் கவனித்தார். பக்கத்தில் பனியாறே இல்லை. இடமோ கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அப்படியானால் ஒரு காலத்தில் பனி இதுவரை இறங்கி வந்திருக்க வேண்டும் என்று 1824-ல் எழுதினார். பனியுகக் கொள்கையின் தந்தையாக உலகம் கொண்டாடும் லூயி அகாசி அதைப் பற்றிப் புகழ்பெற்ற உரை நிகழ்த்தியது 1837-ல். எஸ்மார்க்குக்குக் கிடைக்க வேண்டிய பெயர் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். ப்ரைகெஸ்டூலனுக்குப் போகிறவர்களில் நூற்றில் ஒருவராவது அந்த மேட்டையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

பயணக் குறிப்புகள் லீசெ ஃபியோர்டை மனிதக் கை படாத இயற்கை என்று வர்ணிப்பது வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. இங்கே சுற்றுலா வருகிறவர் கால் வைக்கும் படி, வண்டி ஓட்டும் சாலை, ஏறும் படகு எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் வேலை இருக்கிறது. அது யாருடைய வேலை என்று தெரிந்தால், எங்கே எப்படி நடக்க வேண்டும், எது எங்கே காலை வாரும் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

மணலில் எழுதிய வீடுகள்

பனி உருகி ஓடிய தண்ணீர் ஃபோர்சாண்டில் ஒரு பெரிய மணல் மேடையை விட்டுச் சென்றது. செங்குத்துப் பாறைகளே நிறைந்த ஊரில், தண்ணீர் தேங்காத சமவெளி கிடைப்பது அரிது. அதனால் சுமார் கி.மு. 1500 தொடங்கி கி.பி. 600 வரை, ஏறக்குறைய 2000 ஆண்டுகள், மக்கள் அதே மேடையில் விவசாயம் செய்து வாழ்ந்தார்கள். 1980-களில் நடந்த அகழாய்வில் சுமார் 250 வீடுகளின் தடயங்கள் கிடைத்தன.

தடயம் என்றால் சுவரோ கூரையோ இல்லை. மரத்தூண் நட்ட குழியில், தூண் மக்கிய பிறகு கருமண் நிறைந்துவிடும். மேல்மண்ணைச் சீவி எடுத்தால், வெளிர் மணலில் வட்ட வட்டமாகக் கறுப்புக் கறைகள் தெரியும். இணை இணையாக இரண்டு வரிசைக் கறைகள் நீளமாக ஓடினால் அது ஒரு நீள்வீடு. கூரையின் பாரம் முழுவதையும் அந்த உள்தூண்கள் தாங்கின. வெளிச்சுவர் காற்றையும் மழையையும் மறைத்தால் போதும். நடுவில் கரி நிறைந்த அடுப்புக்குழி இருந்தால் அந்தக் கரியை வைத்துக் காலம் கணிக்கலாம். மண்ணில் நட்ட தூண் அடியில்தான் முதலில் அழுகும் என்பதால் வீட்டை அவ்வப்போது பக்கத்தில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 250 வீடுகளும் ஒரே காலத்தில் நின்ற ஊர் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் இன்று லாண்டா என்ற பெயரில் சில வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். தூண்களின் இடைவெளி, அடுப்பின் இடம், வாசல் இருந்த பக்கம் இவை மண் சொன்னவை. கூரையின் சரிவு, மேலே வேய்ந்த பொருள், சுவரின் உயரம் இவை மற்ற இடங்களின் சான்றுகளிலிருந்து ஊகித்தவை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு வீடும் ஓர் ஆய்வு முடிவாகத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்கள், மழை நாளில் மலை ஏற முடியாதவர்கள் தயங்காமல் இங்கே வரலாம்.

ப்ரைகெஸ்டூலன்

ஃபியோர்டிலிருந்து 604 மீட்டர் உயரத்தில், சுமார் 25 மீட்டருக்கு 25 மீட்டர் சதுரமாக, மேசை போட்டதுபோல நிற்கும் பாறை. பனியாறு விலகிய காலத்தில் பாறையின் விரிசல்களில் இறங்கிய நீர் உறைந்து விரிந்து, பெரிய பெரிய கல்துண்டுகளைப் பிளந்து கீழே தள்ளியது. அதனால்தான் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது. மேடையின் பின்பக்கம் ஓர் ஆழமான வெடிப்பு ஓடுகிறது. என்றாவது ஒருநாள் இது பெயர்ந்து விழும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த நாள் அருகில் இல்லை என்பதும் வெடிப்பை அளந்து வருகிறவர்களின் முடிவு.

தொடக்கம் முதலே வேடிக்கை பார்ப்பதற்காக உருவான பாதை இது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவிக் கப்பலில் போன ஸ்டவாங்கர்வாசிகள் கீழிருந்து பாறையை அண்ணாந்து பார்த்து, மேலே போக வழி தேடினார்கள். 1900 வாக்கில் அந்நகரின் மலைநடைச் சங்கம் பாதைக்கு அடையாளம் இட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து ஆண்டுக்கு 3 லட்சம் பேர் வரத் தொடங்கியபோது பாதை தாங்கவில்லை. சேறான இடத்தை ஒதுக்கி ஒவ்வொருவரும் ஓரமாக நடக்க, ஓரமும் சேறாகி, இரண்டடிப் பாதை பத்தடிப் புண்ணாக விரிந்தது. மலைப்பாதை கெடுவது எப்போதும் இப்படித்தான். முதலில் தண்ணீர், அதன் பின்னால் தண்ணீரைத் தவிர்க்கும் கால்கள்.

சரிசெய்ய நேபாளத்திலிருந்து ஷெர்பாக்கள் வந்தார்கள். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லோடு கல்லை அடுக்கும் வேலை. மேல்படியின் முன்விளிம்பு கீழ்ப்படியின் பின்பகுதி மேல் ஏறி உட்காரும். அதனால் மேலே நடப்பவர்களின் எடையே கீழ்க்கல்லை அழுத்திப் பிடிக்கும். இடுக்குகளில் சிறுகல்லை ஆப்பாக அடித்து இறுக்குவார்கள். தண்ணீர் படியில் தேங்கினால் இரவில் உறைந்து கல்லைக் கிளப்பிவிடும் என்பதால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு சாய்வு கொடுப்பார்கள். படியின் இருபுறமும் நடக்க வசதியில்லாத கரடுமுரடான கற்களை வேண்டுமென்றே போட்டு வைப்பார்கள். கால் தானாகவே படிக்குத் திரும்பிவிடும். மேலே போகும் அவசரத்தில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. செங்குத்தான கல்சரிவுப் பகுதியில் மூச்சு வாங்க நிற்கும்போது காலடியைக் குனிந்து பார்த்தால் அந்தக் கைவேலை தெரியும்.

நடை போக 4 கிலோமீட்டர், வர 4. தொடக்க இடமே சுமார் 270 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் இடையிடையே இறங்கி ஏறுவதால் மொத்த ஏற்றம் 500 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். இடைவேளையோடு சேர்த்து 4 முதல் 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சதுப்புநிலத்தின் மேல் பலகைப் பாதை வரும். ஈரமான பலகை கல்லைவிட வழுக்கும். கடைசிப் பகுதி மொட்டைப் பாறை. கழிப்பறை தொடக்கத்தில் மட்டும்தான்.

ஜூலையில் காலை 11 மணிக்கு மேல் போனால் மேடையில் நிற்க இடமிருக்காது. காலை 7 மணிக்கு முன்போ, மாலை 5 மணிக்குப் பின்போ கிளம்புங்கள். கோடையில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். விளிம்பில் கம்பி வேலி கிடையாது. வேலி போட்டால் அதன்மேல் ஏறி நிற்பார்கள், வேலியில்லாத மற்ற விளிம்புகளில் கவனத்தை விடுவார்கள் என்பது அங்கே நிலவும் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஈரப் பாறையில், காற்று வீசும் நாளில், விளிம்பிலிருந்து நாலு எட்டு தள்ளியே நில்லுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் ஸ்டவாங்கரிலிருந்து தௌ போகும் படகைப் பிடிக்கச் சொல்லியிருக்கும். அந்த வாகனப் படகு இப்போது இல்லை. 2019 டிசம்பர் இறுதியில் ரீஃபில்கெ சுரங்கம் திறந்தது: 14.4 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்துக்குக் கீழே 292 மீட்டர் வரை இறங்கும் சாலை. ஸ்டவாங்கரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தை அடையலாம். சுங்கக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் தனித்தனி.

ஃப்ளோர்லியின் 4444 படிகள்

எனக்கு இந்த ஃபியோர்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சாலையே இல்லாத சின்னக் குடியிருப்பு. படகில் அல்லது மலைவழியே நடந்துதான் போக முடியும். 1918-ல் இங்கே நீர்மின் நிலையம் தொடங்கியது. மலை உச்சியில் ஏரி, நேர் கீழே கடல், இடையில் 740 மீட்டர் உயரம். ஒரு கன மீட்டர் தண்ணீர் அத்தனை உயரத்திலிருந்து இறங்கினால், தேய்மானத்தைக் கழிக்காமல் கணக்கிட்டால், 2 யூனிட் மின்சாரம். வேறு இடங்களில் இதற்குப் பெரிய அணையும் பெரிய ஆறும் வேண்டும். இங்கே உயரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மேலிருந்து கீழே அழுத்தக் குழாய் பதித்தார்கள். குழாய் என்றால் இணைப்பில் கசியும், துருப்பிடிக்கும், குளிரில் சுருங்கும். யாராவது ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகக் குழாயை ஒட்டியே மரப்படி போட்டார்கள். அதுதான் இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து ஏறும் 4444 படிகள். 1999-ல் புதிய நிலையம் மலைக்குள் போய்விட்டது. பழைய நிலையத்தின் உயரமான ஜன்னல்கள் கொண்ட கட்டடம் கரையில் அப்படியே நிற்கிறது.

படிகள் பராமரிப்பு ஆட்களுக்காகப் போட்டவை என்பதை ஏறத் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே கால் சொல்லிவிடும். இருவர் ஒதுங்க முடியாத அகலம். குழாய் எந்தச் சரிவில் போகிறதோ அதே சரிவில் படியும் போகும். எங்கே செங்குத்தோ அங்கே படியும் ஏணி மாதிரி நிமிர்ந்துவிடும். அதனால் சீரான தாளத்தில் ஏற முடியாது. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம். படியில் ஏற மட்டும்தான் வேண்டும், இறங்கக் கூடாது. எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. இறங்கும்போது கண் எதிரே வெட்டவெளியும் கீழே கடலும்தான். ஈர மரத்தில் குதிகால் வழுக்கினால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. இறங்குவதற்கு அந்தக் காலத் தொழிலாளிகள் பயன்படுத்திய ரல்லர் பாதை சுற்றிக்கொண்டு வருகிறது. ஏறியதைவிட இறங்க அதிக நேரம் ஆகும், முட்டி கெஞ்சும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு படகைத் தவறவிடுவது. ஏறும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, இறங்கும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளைக்குச் சில படகுகளே. பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும். வந்து இறங்கியது முதல் திரும்பும் படகு வரை குறைந்தது 6 மணி நேர இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே தங்க முன்பதிவு செய்துவிடுங்கள்.

லீசெபோட்னும் ஷேராக்கும்

ஃபியோர்டின் கடைசி முனையில் லீசெபோட்ன். 1953-ல் இங்கே மலையைக் குடைந்து மின் நிலையம் அமைத்தார்கள். 2018-ல் அதற்குப் பதிலாக 370 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் வந்தது. ஆண்டுக்கு சுமார் 150 கோடி யூனிட். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சுரங்க வாசல் மட்டுமே தெரியும்.

சிர்டால் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து லீசெபோட்னுக்கு இறங்கும் சாலையும் மின்திட்டத்தின் பிள்ளைதான். 1984-ல் முடிந்தது. 27 கொண்டை ஊசி வளைவுகள். போதாததற்கு, மலைக்குள்ளேயே ஏறத்தாழ முழு வட்டம் சுற்றி வரும் 1.1 கிலோமீட்டர் சுரங்கம். பெரும்பகுதி ஒரு வண்டி போகும் அகலம்தான், இடையிடையே ஒதுங்கும் இடங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து வைத்துக்கொண்டு வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அடிவாரம் வருவதற்குள் காய்ந்து வாடை அடிக்கும். பனிக்காலம் முழுக்கச் சாலை மூடியிருக்கும். பெரும்பாலும் மே இறுதியில்தான் திறக்கும்.

வளைவுகளின் உச்சியில், சுமார் 640 மீட்டர் உயரத்தில், ஓய்கார்ஸ்டோல். ஷேராக் மலைக்கு நடை இங்கிருந்துதான். போய்வர சுமார் 11 கிலோமீட்டர், 6 முதல் 8 மணி நேரம். மூன்று ஏற்றங்கள், இடையில் இரண்டு இறக்கங்கள். திரும்பும்போதும் அதே ஏற்ற இறக்கம் காத்திருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செங்குத்துப் பாறைகளில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். மழை ஈரத்தில் இரும்பு விரலை விறைக்க வைக்கும். ரப்பர் பிடிப்புள்ள மெல்லிய கையுறை ஒரு ஜோடி இருந்தால் எவ்வளவோ நிம்மதி. ஜூனிலும் மேலே பனித்திட்டுகள் இருக்கும். மேகம் இறங்கினால் அடையாளக் குறி அடுத்தது எங்கே என்று தெரியாது. அப்படி ஆனால் நின்று, தெரியும் கடைசிக் குறிக்குத் திரும்பிவிட வேண்டும். நார்வே மலைநடை விதிகளில் ஒன்று, நேரத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்பது. அந்த நாட்டுக் குழந்தைகளும் அதை மனப்பாடமாகச் சொல்லும்.

மேலே, இரு பாறைச் சுவர்களுக்கு நடுவில் சிக்கி நிற்கிறது ஷேராக்போல்ட்டன், சுமார் 5 கன மீட்டர் உருண்டைக் கல். ஃபியோர்டு அதற்கு 984 மீட்டர் கீழே. படம் எடுக்க வரிசை நிற்கும். முன்னால் நின்றவர் ஏறினார் என்பதற்காக நீங்களும் ஏற வேண்டியதில்லை. கல் ஈரமாக இருந்தால் ஏறவே கூடாது. 1990-கள் முதல் இங்கே பேஸ் ஜம்பிங்கும் (பாறை விளிம்பிலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) நடக்கிறது, உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன.

ப்ரைகெஸ்டூலனையும் ஷேராக்கையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஃபியோர்டின் கரையோரம் சாலை கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் சுற்றிப் போக சுமார் மூன்று மணி நேரம்.

தண்ணீரில்

ஃபியோர்டின் வாயில் 1997-ல் திறந்த தொங்குபாலம் நிற்கிறது; மொத்தம் 639 மீட்டர், இரு கோபுரங்களுக்கு நடுவே 446 மீட்டர். ஸ்டவாங்கர் பல்கலைக்கழகத்தார் இந்தப் பாலத்தில் காற்றளவிகளைப் பொருத்தி, மலையிடுக்கில் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்று பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். இங்கே காற்றுக்கு முக்கியமாக இரண்டே திசைகள்: கடலிலிருந்து உள்ளே, அல்லது உள்ளிருந்து கடலுக்கு. உள்ளிருந்து வருவது மலைகளில் மோதிச் சிதறி வருவதால் விட்டுவிட்டு அடிக்கும், கணிக்க முடியாது.

கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் நீர், பிற்பகலில் கடற்காற்று கிளம்பியதும் முகத்தில் அறையும். கரை ஒதுங்கலாம் என்றால் கரையே இல்லாமல் சுவர்தான் பல கிலோமீட்டருக்கு நிற்கிறது. சுற்றுலாப் படகின் அலை அந்தச் சுவரில் மோதித் திரும்பி, அடுத்த அலையோடு குறுக்கே சேர்ந்து குழம்பும். கயாக் கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே கிளம்பும் முன்பே இறங்கக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் நீரின் குளிருக்கு ஏற்ற உடையையே அணியுங்கள். குளிர்நீரில் விழுந்தவர் முதல் நிமிடத்தில் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த சுமார் பத்து நிமிடத்துக்குத்தான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும்.

மேலே ஓடும் நீர் உப்புக் குறைந்த மெல்லிய அடுக்கு. ஆறுகளும் மின் நிலையங்களும் விடும் நன்னீர் கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. இயற்கையில் பனி உருகும் வசந்தத்திலும் கோடையிலும்தான் நன்னீர் பெருகும், குளிர்காலத்தில் வற்றும். மின்சாரமோ குளிர்காலத்தில் அதிகம் தேவை. அதனால் கோடைத் தண்ணீரை ஏரிகளில் தேக்கி, குளிர்காலத்தில் இறக்குகிறார்கள். ஃபியோர்டின் மேலடுக்கு நீரின் பருவச் சுழற்சியையே இந்த வேலை மாற்றியிருக்கிறது. ஆழத்து நீருக்கோ 13 மீட்டர் வாயில் பெரிய தடை. வெளியே இன்னும் கனமான நீர் அந்த மேட்டைத் தாண்டும் உயரத்துக்கு எழுந்தால்தான் உள்ளே பாய்ந்து பழைய நீரைக் கிளப்பும். அதுவரை அடியில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். ஃபியோர்டுக்குள் எதைக் கொட்டினாலும் அது எளிதில் வெளியேறாது என்பதற்கு இதுவே காரணம்.

கூடாரம் போடுகிறவர்களுக்கு: 1957-ஆம் ஆண்டுச் சட்டம், பயிரில்லாத திறந்தவெளியில் யாரும் நடக்கலாம், தங்கலாம் என்ற உரிமையைத் தருகிறது. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும்; ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டத் தடை. கடலில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு வேண்டாம். மலை ஏரிகளில் வேண்டும். அவசரத்துக்கு மருத்துவ உதவி எண் 113, காவல்துறை 112.

ஓஸ்லோவில் உறவினர் வீட்டுக்கு வந்து அங்கிருந்து போகிறவர்கள் ஸ்டவாங்கருக்கு ரயிலில் சுமார் 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் மூன்று நாள் இருந்தால் முதல் நாள் விடிகாலையில் ப்ரைகெஸ்டூலன், பிற்பகலில் லாண்டா. இரண்டாம் நாள் படகில் ஃப்ளோர்லி ஏறி அங்கேயே இரவு. மூன்றாம் நாள் காலைப் படகில் லீசெபோட்ன் வரை போய், முழு ஃபியோர்டையும் கண்ணாரப் பார்த்துத் திரும்பலாம். ஷேராக்குக்கு முழு நாள் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அது வானிலை பார்த்து முன்பின் தள்ளக்கூடிய நாளாக இருக்கட்டும்.